மானாவாரி வரப்புக்கு வன்னியா, வேம்பா?

கரிசல் காட்டு வரப்பில் நட இந்த இரண்டில் ஒன்று என்று வந்தபோது வன்னியை எடுத்தேன். வறட்சி தாங்குவது, விறகு, ஆட்டுக்குத் தழை என்று பார்த்தால் இரண்டுமே தேறும். சீக்கிரம் வளர்வதும் விலை போவதும் வேம்புதான். முத்துப் பொறுக்கி விற்றாலே கைச்செலவுக்கு ஆகும். வன்னி மெதுவாக வளரும், முள்ளும் உண்டு. போதாததற்கு, சீமைக்கருவேலம் என்று நினைத்து அரிவாளோடு வருபவர்களைத் தடுக்கவும் வேண்டும்.

என்னைச் சாய்த்தது மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) கணக்கு. கரிசலில் போடும் டிஏபி உரத்தின் மணிச்சத்தில் நல்ல பங்கைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. மண்ணில் இருக்கும் மணிச்சத்தில் இன்னொரு பங்கு மட்கிய இலைதழையில் கரிமச் சேர்மமாக அடைபட்டுக் கிடக்கிறது. வேரால் அதை அப்படியே உறிஞ்ச முடியாது. பாஸ்படேஸ் என்ற நொதியைச் சுரந்து பாஸ்பேட்டைத் தனியே பிரித்தால்தான் உள்ளே போகும். வேம்பும் சுரக்கும், வன்னியும் சுரக்கும். ஆனால் நொதி என்பது புரதம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். வேம்பு அந்தத் தழைச்சத்தை மண்ணில்தான் தேட வேண்டும். வன்னி பயறுக் குடும்பம். வேர்முடிச்சு பிடித்துவிட்டால் காற்றிலிருந்தே கிடைக்கும். அதனால் நொதியைத் தாராளமாகச் சுரக்க முடியும், கையில் காசுள்ளவன் கூடுதலாக ஆள் விட்டு வேலை வாங்குவது போலத்தான். சும்மாவும் இல்லை, அந்த முடிச்சு இயங்கவே மணிச்சத்து வேண்டும்.

அப்புறம், வேர் சுரப்பது அமில பாஸ்படேஸ். கரிசல் போன்ற கார மண்ணுக்கு ஏற்ற கார பாஸ்படேஸைத் தருவது நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தீனி சருகு. ஜோத்பூர் பக்கம் கம்பு வயலுக்குள்ளேயே வன்னியை விட்டுவைக்கிறார்கள், கேஜ்ரி என்பார்கள். அந்த மரத்தடி மண்ணில் கரிமப்பொருளும் சத்துகளும் வெளிமண்ணைவிடக் கூடுதல் என்று அங்குள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ரொம்பவும் எதிர்பார்க்கக் கூடாது. சுண்ணாம்பு பிடித்த மணிச்சத்தை இந்த நொதி தொடாது. அதைக் கரைக்க வேர் கசியும் கரிம அமிலங்கள் வேண்டும். நொதியின் வீச்சும் வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர்தான். ஈரம் போய்விட்டால் அதுவும் மந்தம். என் கன்றுகள் இன்னும் இளசு, அதனால் அடியுரத்தை நான் குறைக்கவில்லை. உங்களையும் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

களத்து ஓரம், வீட்டு முன்னால் என்றால் வேம்பையே நடுங்கள். அங்கே வேண்டியது நிழல்தானே.