மரத்துக்குக் கார்பன் பணம் தருகிறோம் என்று யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் மலைவேம்புத் தோப்பு இருக்கிறது. 2016-இல் அப்பா கன்று வைத்தார். எட்டு வருடத்தில் வெட்டி பிளைவுட்டுக்குக் கொடுத்தால் தங்கை கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது கணக்கு.

2023 நவம்பரில் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு கார்பன் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். சாப்பாடும் உண்டு. "உங்கள் மரம் உறிஞ்சும் கரியமில வாயுவுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் பணம் கொடுக்கும். ஏக்கருக்கு வருடம் 30,000 ரூபாய்" என்றார்கள். நெல் போடுகிறவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் குறையும், அதற்கும் பணம் என்றார்கள். அரசு அங்கீகாரம் உண்டா என்று அப்பா கேட்டதும் மத்திய அரசிதழின் நகலை நீட்டினார்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அப்பா நம்பினார்.

அரசிதழ் உண்மைதான். 2023 ஜூனில் மத்திய மின்சார அமைச்சகம் வெளியிட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அது. கிரெடிட் என்பது கரியமில வாயுவைக் குறைத்ததற்குத் தரும், விற்கக்கூடிய சான்று. ஆனால் அதன் மையம் சிமென்ட், அலுமினியம் போன்ற பெரிய ஆலைகள். ஒரு டன் பொருள் தயாரிக்க எவ்வளவு வாயு வெளியேறலாம் என்று ஆலைக்கு இலக்கு வைப்பார்கள். இலக்குக்குக் கீழே போனால் கிரெடிட் கிடைக்கும், தாண்டினால் அந்த அளவுக்குக் கிரெடிட்டை விலைக்கு வாங்கி ஒப்படைக்க வேண்டும். எரிசக்தித் திறன் பணியகம் அதை நிர்வகிக்கிறது, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வர்த்தகத்தைக் கண்காணிக்கிறது. இலக்கு இல்லாதவர்களும் தாமாக முன்வந்து சேர வழி திறந்த திருத்தம் அந்த டிசம்பரில்தான் வந்தது. அதிலும் பணியகத்தில் முறையாகப் பதிவு செய்து, தணிக்கை முடிந்தால்தான் கிரெடிட். எங்களிடம் வந்தவர்கள் அந்த வழியிலேயே இல்லை. அவர்கள் சொன்னது தன்னார்வச் சந்தை, அதாவது சட்டக் கட்டாயம் இல்லாமல் கம்பெனிகள் தாமாகக் கிரெடிட் வாங்கும் சந்தை. அதில் விதி எழுதுவது அரசு இல்லை. வாஷிங்டனில் இருக்கும் வெர்ரா, ஜெனீவாவில் இருக்கும் கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற அரசு சாரா அமைப்புகள்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பணம் போன பிறகு. பதிவுக் கட்டணம் ஏக்கருக்கு 5,000 என்று 20,000 ரூபாயை அப்பா ஜிபேயில் அனுப்பியிருந்தார், அதுவும் ஒரு தனிநபர் கணக்குக்கு. பட்டா, சிட்டா, ஆதார் நகல்கள் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஒப்பந்தம் 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஆரம்பித்துப் பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். அப்பாவுக்கு ஒரு வரி புரியாது. நான் சென்னையில் வேலையில் இருந்தேன். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் என்று இன்றுவரை வருந்துகிறார். அவர்மேல் தவறே கிடையாது. அவருக்குப் புரியாத மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்கியதுதான் தவறு.

ஆறு மாதத்தில் முதல் தவணை என்றார்கள். 2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் விவசாயத்தில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கு ஒரு வழிகாட்டுச் சட்டகம் வெளியிட்டது. உடனே போன் வந்தது: "பாருங்கள் ஐயா, அமைச்சகமே அறிவித்துவிட்டது." அந்த ஆவணம் எந்தக் கம்பெனிக்கும் கொடுத்த உரிமம் இல்லை. அதற்கப்புறம் அவர்கள் போன் எடுக்கவில்லை.

நான் ஊருக்குப் போய் அவர்கள் கொடுத்திருந்த திட்ட எண்ணை வெர்ராவின் பதிவேட்டில் தேடினேன். அந்தப் பதிவேடு பொதுவில் இருக்கிறது, கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த எண்ணில் இருந்தது வேறு மாநிலத்துக் காற்றாலை. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கம்பெனி பெயரில் எதுவுமே இல்லை. இதைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. நீங்கள் பார்க்கும்போது எண் சரியாக இருந்தாலும் அதன் நிலையைக் கவனியுங்கள். தயாரிப்பில் இருக்கிறது என்று போட்டிருந்தால் இன்னும் தணிக்கை முடியவில்லை என்று பொருள்.

விதிகளைப் படித்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. எங்கள் தோப்புக்குக் கிரெடிட் கிடைக்க வழியே இல்லை. கார்பன் பணம் வருவதால்தான் இந்த மரம் நடப்பட்டது என்று திட்டக்காரர் காட்ட வேண்டும். நாங்கள் நட்டது விற்பதற்கு, அதுவும் ஏழு வருடம் முன்னால். வெர்ராவில் மரம் நடும் திட்டங்கள் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் பட்டியலிடும் வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

30,000 என்ற கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. ஏக்கருக்கு வருடம் ஐந்து டன், டன்னுக்குப் பத்து டாலர் என்று வைத்தாலும் 4,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதில் தணிக்கைச் செலவு, கம்பெனியின் பங்கு எல்லாம் போக வேண்டும்.

எங்களை உண்மையில் முடக்கியது ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கம். நாற்பது ஆண்டுக்குக் கார்பன் உரிமை அவர்களுக்கு, எழுத்துமூல அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது, வெட்டினால் இழப்பீடு. மர வியாபாரி முன்பணத்தோடு வந்தார், இதைக் கேள்விப்பட்டதும் "வில்லங்கம் தீரட்டும்" என்று போய்விட்டார். தங்கை கல்யாணத்தை வட்டிக்கு வாங்கித்தான் நடத்தினோம். அந்த ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். ஆனால் அதை நிரூபிக்க வழக்கு நடத்த வேண்டும்.

கார்பன் திட்டம் எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். முறையாக நடத்துகிறவர்கள் பெரும்பாலும் செலவைத் தாங்களே போட்டு, கிரெடிட் விற்ற பிறகு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். விவசாயியிடம் முன்கூட்டிப் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவான திட்டமும் முழு உத்தரவாதம் இல்லை. தணிக்கை நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுவதே திட்டக்காரர்தான், இது எனக்குச் சரியாகப் படவில்லை. 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை வெர்ராவே தள்ளுபடி செய்தது. எங்கள் ஊரில் நெல்லுக்குப் பேசினார்களே, அதே காய்ச்சல் பாய்ச்சல் வகைதான்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். போன வாரம் சங்கராபுரம் பக்கம் அதே மாதிரி மண்டபக் கூட்டம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கே கையெழுத்துப் போட்டவர்கள் ஒப்பந்தத்தின் நகலைக் கட்டாயம் வாங்கி வையுங்கள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். தனித்தனியாக இல்லாமல் எல்லோரும் சேர்ந்து எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.