ஊசி மாற்றிய பிறகு: பில்லி ஹாலிடே தட்டுடன் ஒன்பது வருஷம்

போன வாரம் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளுக்கு ஊசி மாற்றினேன். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பார்கள். நான் கணக்கே வைத்ததில்லை. மாற்றிய அன்றைக்கே நண்பனிடமிருந்து வாட்ஸ்அப்: "‘லேடி இன் சாட்டின்’ விலை இறங்கியிருக்குடா. உன்கிட்டதான் இருக்கே, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் இது.

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே யார், என்னென்ன பட்டார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அவருடைய ‘லேடி இன் சாட்டின்’ 1958 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. கொலம்பியா வெளியீடு. வாத்திய அமைப்பு ரே எல்லிஸ். அது முன்பு தேவாலயமாக இருந்த ஸ்டுடியோ. மறுவருஷம் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டைப் பதிவு செய்ததும் அதே இடத்தில்தான். அந்தக் கூரையின் உயரம் தட்டிலேயே கேட்கும்.

என் பழைய புகார், வயலின்கள். குரல் ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் இவை கைக்குட்டையோடு ஓடிவந்துவிடும். துக்க வீட்டில் நம்மைவிடச் சத்தமாக அழும் தூரத்துச் சொந்தம் மாதிரி. போதாததற்குப் பின்னால் பெண்குரல்கள் வேறு ‘ஊ...’ என்று இழுக்கும். முதல் இரண்டு வருஷம் இதற்காகவே தட்டை உறையிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தேன். எல்லிஸை எவ்வளவு திட்டியிருப்பேன்! பிறகுதான் தெரிந்தது, வயலின் கூட்டம் வேண்டும், அதுவும் எல்லிஸ்தான் வேண்டும் என்று கேட்டவரே பில்லி. எல்லிஸுக்கோ பதிவின்போது அவர் பாடியதில் திருப்தி இல்லை. எல்லாம் கலந்து முடிந்தபின் கேட்டுத்தான் மனசு மாறினார். ஆக, எனக்கும் அவருக்கும் பிரச்சினை ஒன்றேதான், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து.

சொல்லப்போனால் வயலினைவிட என்னை அதிகம் படுத்தியது ‘ஸ’ சத்தம். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வரும்போது, ஆங்கிலத்தில் எங்கெல்லாம் ‘எஸ்’ வருகிறதோ அங்கெல்லாம் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. தட்டின் குற்றம் இல்லை, வடிவக் கணக்கு. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். அந்த வேகம் எங்கும் மாறாது. ஆனால் வெளிவட்டத்தில் ஊசி நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஓடும், உள்வட்டத்துக்கு வரும்போது அதில் பாதிகூட இருக்காது. அதே சத்தத்தைக் குறைந்த நீளத்துக்குள் அடைக்க வேண்டும். உருண்டை முனை ஊசி, அதுவும் தேய்ந்தது, அந்த நெரிசலுக்குள் நுழையத் திணறும். ரிப்பேர்க்காரர் கூர்மையான நீள்வட்ட முனை போட்டுக் கொடுத்தார். போட்ட உடனே ‘ஸ’ அடங்கிவிட்டது. காசு வீண் இல்லை என்று முதல் பாட்டு முடியும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிறகு குரல் கேட்க ஆரம்பித்தது.

அப்போது பில்லிக்கு நாற்பத்திரண்டு வயது. வார்த்தைக்கு முன்னால் வரும் மூச்சு, வறண்ட அண்ணத்திலிருந்து நாக்கு பிரியும் சத்தம், நீளமான சுரத்தைத் தொட்டுவிட்டு நிற்க முடியாமல் இறங்குவது, எல்லாவற்றையும் பழைய ஊசி இத்தனை வருஷம் மழுப்பியே வைத்திருந்திருக்கிறது. முன்பெல்லாம் என் மனைவி, "இந்தம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கா? ஒரு சுக்குக் கஷாயம் வெச்சுக் கொடுக்கலாம்ல" என்பாள். அன்று சமையலறையிலிருந்து கேட்டாள்: "இது வேற தட்டா?"

சோதித்துப் பார்க்க, 1935இல் பியானோ கலைஞர் டெடி வில்சன் குழுவோடு இருபது வயதில் பாடியவற்றைப் போட்டேன். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். குரலில் துள்ளல், குறும்பு. ஆனால் செய்கிற காரியம் ஒன்றேதான்: தாளம் முன்னே போகும், பில்லி ஒரு கால் தூரம் பின்னால் வருவார். தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுக்கும் நம் கர்நாடக சங்கீத அனாகத எடுப்பு அல்ல, அது கணக்கு. இது சோம்பல் மாதிரித் தோன்றும். பஸ் கிளம்பிய பிறகும் அவசரப்படாமல் நடந்துவந்து சரியாக ஏறிக்கொள்கிறவர்கள் உண்டல்லவா, அப்படி. குரலின் எல்லை எப்போதுமே அவருக்குச் சின்னதுதான். 1958இல் போனது குரல். அவர் பிழைத்தது குரலால் அல்லவே. அந்தப் பின்தங்கல் மயிரிழை பிசகாமல் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் என் ஒன்பது வருஷப் புகார் ஆட்டம் கண்டது. சாக்ஸபோன் வாசிக்கும் லெஸ்டர் யங் மாதிரி ஆட்கள் கூட வாசிக்கும்போது அவர்களும் பில்லியோடு வளைவார்கள். யார் பின்னால் வருகிறார்கள் என்றே தெரியாது, பேச்சு மாதிரிப் போய்விடும். எல்லிஸின் வயலின்கள் வளைவதில்லை. பேப்பரில் எழுதியதை நேர்கோடாக வாசிக்கின்றன. அந்தக் கோடு இருப்பதால்தான் பில்லி எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதே தெரிகிறது. இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்தப் பெண்குரல்களுக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஒன்று பாருங்கள்: அசல் மோனோ தட்டில் பன்னிரண்டு பாட்டு, ஸ்டீரியோவில் பதினொன்றுதான். மறுபதிப்புகளில் பின்னட்டையை எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள்.

இத்தனை சொன்ன பிறகும் நண்பனுக்கு நான் அனுப்பிய பதில்: "வேண்டாம். அந்தக் காசுக்கு முப்பதுகளில் பாடியதை வாங்கு." நேற்று ராத்திரி முதல் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை, பதிவாகிப் பதினேழு மாதத்தில், 1959 ஜூலையில், போய்ச் சேர்ந்த குரல் அது. ஐந்துக்கு மூன்று போடுவேன். இரவலும் தர மாட்டேன்.

பத்து நிமிடத்தில் அவன் பதில்: "ஆர்டர் போட்டுட்டேன்டா."

உன் பிளேயரில் என்ன ஊசி என்று கேட்டேன். வாங்கும்போது கூட வந்ததுதான், ஏழெட்டு வருஷம் ஆச்சு, மாத்தணுமா என்றான்.

"அதுவே இருக்கட்டும்" என்று போட்டேன்.