இமாச்சல்ல ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போறவங்க கவனத்துக்கு: மே மாசம் "குன்சும் வழியா மணாலி"ன்னு பேக்கேஜ் வித்தா வாங்காதீங்க

42,500 ரூபாய். எங்க மூணு பேருக்கு ஏழு நாள் ஸ்பிட்டி டூர்னு மொத்தத்தையும் முன்கூட்டியே வாங்கிட்டு பாதி வழியில கை விட்டுட்டாங்க. இன்ஸ்டாகிராம்ல பக்கம் வச்சு டூர் விக்கிற ஏஜென்ட்.

அவங்க சொன்ன பிளான்: சிம்லா, கல்பா, நாக்கோ, தாபோ, காஸா. அங்கேருந்து குன்சும் கணவாய் ஏறி, சந்திரதால் ஏரிக்கரையில டென்ட், அப்புறம் மணாலி. மே முதல் வாரம். கணவாய் திறந்தாச்சான்னு கேட்டதும் ஒரு வீடியோ வந்துச்சு: "நேத்து நம்ம வண்டி போனது சார்." நீலத் தண்ணி, சுத்திப் பச்சைப் புல்லு, வரிசையா டென்ட். அதை நம்பித்தான் பணம் போச்சு. அந்தப் புல்லு ஜூலை, ஆகஸ்ட்ல முளைக்கிறது! மே தொடக்கத்துல ஏரியே உறைஞ்சு கிடக்கும். 4,500 மீட்டருக்கு மேல இருக்கிற குன்சும்ல பனி வெட்டி ரோடு திறக்க பெரும்பாலும் மே கடைசி, ஜூன் ஆகிடும். ஏரிக்கரையில டென்ட் அடிக்க அனுமதியே கிடையாது. கேம்ப் எல்லாம் சில கிலோமீட்டர் தள்ளித்தான்.

வந்த வண்டி வெள்ளை நம்பர் பிளேட், அதாவது வாடகைக்கு ஓட்டக் கூடாத சொந்த வண்டி. காஸாவுல டிரைவர் கைய விரிச்சுட்டார்: "எனக்கு இதுவரைக்கும்தான் காசு குடுத்தாங்க." காஸா பக்கத்துல இருக்கிற லாங்ஸா கிராமத்துல ஹோம்ஸ்டே புக்கே பண்ணல. ஏஜென்ட்டைக் கூப்பிட்டா முதல்ல "ரெண்டு நாள் வெயிட் பண்ணுங்க, ரோடு திறந்துரும்". அப்புறம் "ஓனர் மீட்டிங்ல இருக்கார்". கடைசியா "இயற்கைச் சீற்றத்துக்கு ரீஃபண்ட் கிடையாது". வருஷா வருஷம் பனியில மூடுற கணவாய் இயற்கைச் சீற்றமா? மூடியிருக்கும்னு தெரிஞ்சே வித்திருக்காங்க. இப்ப நம்பரையும் பிளாக் பண்ணியாச்சு. வந்த வழியே கின்னௌர் சுத்தி சிம்லாவுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு நாள், டாக்ஸிக்குத் தனியா 20,000. அந்த 42,500-ல ஒத்த ரூபா திரும்பல.

போறவங்க லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்ட போலீஸ் போடுற ரோடு நிலவரத்தைப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க, முழுப் பணம் வேண்டவே வேண்டாம். மஞ்சள் பிளேட் வாடகை வண்டியான்னு ஆர்.சி. போட்டோ கேளுங்க. ஹோம்ஸ்டேக்கு நீங்களே போன் அடிங்க. கையில ரொக்கம் வச்சுக்குங்க, காஸாவை விட்டா ஏடிஎம் கஷ்டம். ஆன்லைன்ல பணம் குடுத்து ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. நுகர்வோர் புகாருக்கு 1915.