ஸ்பைக் பஸ்டர் கம்ப்யூட்டரைத் தாங்குமா? ஐந்து வருடம் கழித்துச் சொல்கிறேன்

2019-ல் ஸ்பைக் பஸ்டர் (வோல்டேஜ் திடீரென்று எகிறினால் காக்கும், பல துளை உள்ள பெட்டி) வாங்கப் போனபோது கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது கம்ப்யூட்டரைத் தாங்குமா?" அந்தக் கேள்வியே தப்பு என்று புரிய நாலு வருடம் ஆனது.

தாங்கும், தாராளமாக. என் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் மேல் 550 வாட் என்று போட்டிருக்கிறது. அது அதிகபட்சம் கொடுக்கக்கூடியது, எந்நேரமும் இழுப்பது அல்ல. வாட் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். டாலியில் கணக்கு எழுதும்போது சிபியு, மானிட்டர், மோடம் எல்லாம் சேர்ந்தே 90 வாட்தான். பையன் கேம் ஆடினால் 310. பெட்டியோ 6 ஆம்பியர். 230 வோல்ட்டுக்கு 1380 வாட். கால்வாசிகூட நிரம்பவில்லை.

வம்பு பக்கத்துத் துளைகளில் வந்தது. லேசர் பிரிண்டரின் ரோலர் சூடேறும் அந்தச் சில நொடிகள் மீட்டர் 800-ஐத் தாண்டும். டியூப்லைட் ஒரு தடவை கண் சிமிட்டும். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அதே பெட்டியில் 1000 வாட் அயர்ன் பாக்ஸைச் சொருகிவிட்டார். பெட்டியின் ட்ரிப் பட்டன் விழுவதற்குள் சுவர் சாக்கெட் பழுப்பேறி நாற ஆரம்பித்துவிட்டது. பின் தளர்ந்திருந்த பழைய சாக்கெட். இப்போது பிரிண்டருக்குத் தனி பாயின்ட்.

அடுத்தது எர்த். பெட்டிக்குள் எம்ஓவி என்று காசு மாதிரி வட்டமாகச் சில சில்லுகள் இருக்கும். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் அதை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் திருப்பிவிடுவது அவைதான். எங்கள் வீட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எலக்ட்ரிசியன் பல்பு போட்டுப் பார்த்தார், அழுது வடிந்தது. எர்த் குழி காய்ந்து எத்தனை வருடமோ! உப்பும் கரியும் போட்டுப் புதுக்குழி எடுத்தோம். மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்து ரெண்டு பின் சாக்கெட்டில் சொருகும் புண்ணியவான்களுக்கு ஸ்பைக் பஸ்டர் பாதி தண்டச் செலவு.

2023 மழைக்காலத்தில் தெருவில் நியூட்ரல் வயர் அறுந்து வீட்டுக்குள் வோல்டேஜ் ஏறிவிட்டது. விளக்கெல்லாம் வெள்ளையாகக் கொதித்தன. பக்கத்து வீட்டில் டிவி காலி, எனக்கு எஸ்எம்பிஎஸ் காலி. ஹார்ட் டிஸ்க் பிழைத்தது, நிம்மதி. ஸ்பைக் என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்து போவது. இதுவோ நிமிடக்கணக்கில் நின்ற அதிக வோல்டேஜ். அதற்கு வீட்டு மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் வேண்டும். கரன்ட் போனால் ஃபைல் தப்பிக்க யுபிஎஸ் வேண்டும். இரண்டும் இந்தப் பெட்டியின் வேலை இல்லை.

பெட்டியைத் திருகாணி கழற்றிப் பார்த்தால் ஒரு சில்லு கருகி வெடித்திருந்தது. ஆனால் துளைகளில் கரன்ட் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது! பாதுகாப்பு செத்த பிறகு அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். அதைக் காட்ட ஒரு பச்சை விளக்கு உண்டு. என் பெட்டி மேஜைக்கடியில் தூசியில் கிடந்தது. அன்றைக்குத்தான் அணைந்ததா, ஆறு மாதம் முன்பேயா, யார் பார்த்தது?

புதுப்பெட்டி மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணுக்கு நேராக. இடி இடித்தால் இப்போதும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன், மோடத்துக்கு வரும் போன் வயரையும் சேர்த்து.