தினசரி வசன காலண்டர்: ஒரு வருஷம் கிழிச்சுப் பார்த்துட்டு எழுதுறேன்

போன டிசம்பர்ல எங்க ஊர் கிறிஸ்தவ புத்தகக் கடையில 130 ரூபாய் கொடுத்து ஒரு காலண்டர் வாங்குனேன். தினமும் தாள் கிழிக்கிற காலண்டர்தான், மேல தகரப் பட்டை, நடுவுல ஒரு ஓட்டை, ஆணியில மாட்டிக்கலாம். மத்த தினசரி காலண்டர்ல ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம்னு போட்டிருக்கிற இடத்துல இதுல அன்னைக்கான பைபிள் வசனம் இருக்கும், அதுக்குக் கீழ காலையில வாசிக்கவும் ராத்திரி வாசிக்கவும் வேதபாகம், தாளோட பின்பக்கம் எட்டு பத்து வரியில ஒரு குட்டி தியானம். அச்சு நல்லா இருக்கு, ஞாயித்துக்கிழமை சிவப்பு, மத்த நாள் கறுப்பு. தாள்தான் ரொம்ப மெலிசு, அவசரத்துல இழுத்தா பாதி வசனம் தகரத்துக்கு அடியிலயே நின்னுடும், ஒரு கையால மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கிழிக்கணும். எங்க வீட்ல அத்தை கிழிக்கிற அழகே தனி, கிழிச்ச தாளை நாலா மடிச்சு பைபிளுக்குள்ள வெச்சுக்குவாங்க.

சரி, அதை விடுங்க, இதை ஒரு வருஷம் வெச்சிருந்ததுல எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்றதுக்குத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஏப்ரல்ல எங்க வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் 18,500, ஜூன் 10க்குள்ள கட்டணும், கையில இருந்தது நான் ஜாக்கெட் தைச்சு சேர்த்த நாலாயிரம் சொச்சம். ஜூன் 3 ராத்திரி ஒன்றரை மணிக்கு தூக்கம் வராம எழுந்து அடுக்களைக்குப் போனேன், செல்போன் வெளிச்சத்துல காலண்டர் தாளை ஒவ்வொண்ணா தூக்கி 10ஆம் தேதிக்கு ஆண்டவர் என்ன சொல்லியிருக்கார்னு பார்த்தேன். "இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது" அப்படின்னு 133ஆம் சங்கீதம். ஃபீஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு அங்கேயே தரையில உட்கார்ந்து அழுதேன். பணம் வந்துடும்னு தேதி போட்டு ஒரு உறுதி வேணும்னு எதிர்பார்த்திருக்கேன், அது கிடைக்கலன்னதும் ஆண்டவர் மேலயே கோபம்.

ரெண்டு வாரம் கழிச்சு எங்க சேகரத்து ஐயர், அதாவது எங்க சர்ச் போதகர், யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கம் பண்ணாங்க. வனாந்தரத்துல ஜனங்க சாப்பிட வானத்துல இருந்து மன்னாங்கற அப்பம் விழுந்தப்போ மறுநாள் வரைக்கும் மீதி வைக்காதீங்கன்னு மோசே சொல்லியும் சில பேர் எடுத்து வெச்சாங்களே, காலையில பார்த்தா பூச்சி பிடிச்சு நாறிப்போச்சு. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் ரெண்டு பங்கு, மத்தபடி அன்னன்னைக்கு உள்ளது அன்னன்னைக்குத்தான். எனக்கு உடனே அந்த ராத்திரி ஞாபகம் வந்துச்சு. 10ஆம் தேதியோட தாளை 3ஆம் தேதியே தூக்கிப் பார்த்து நான் செஞ்சதும் அதேதான், நாளைக்குள்ள மன்னாவை இன்னைக்கே பானையில போட்டு மூடப் பார்த்திருக்கேன்.

அற்புதமா பணம் வந்துச்சுன்னு சாட்சி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல போய் கேட்டேன், மூணு தவணையா கட்டச் சொன்னாங்க, ஜூலைல இவருக்கு டிரைவர் வேலை கிடைச்சது, கடைசித் தவணை செப்டம்பர்லதான் முடிஞ்சது. ஆனா அந்தப் பிரசங்கத்துக்கு அப்புறம் நான் ராத்திரி தூங்குனேன், ரெண்டு தவணை பாக்கி இருக்கும்போதே தூங்குனேன், அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

அடுத்து ஆகஸ்ட்ல அம்மாவுக்கு பித்தப்பை ஆபரேஷன், நான் 9 நாள் ஆஸ்பத்திரியில. அத்தையும் அப்போ ஊருக்குப் போயிருந்தாங்க, தாளைக் கிழிக்க வீட்ல யாருக்கும் ஞாபகம் இல்ல. திரும்பி வந்து கதவைத் திறந்தா சுவத்துல இன்னும் 12ஆம் தேதி, அன்னைக்கு 21. பைபிளைக் கையில எடுத்தே ஒன்பது நாள் ஆச்சு, ஜெபம்னு பார்த்தா வார்டு வராண்டால "ஆண்டவரே, ஆண்டவரே"ன்னு சொன்னதோட சரி. சின்ன வயசுல இருந்தே எனக்கு ஒரு பழக்கம், விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து வாசிச்சு முடிச்சாத்தான் ஆண்டவர்கிட்ட பேசவே தைரியம் வரும், வட்டி பாக்கி வெச்சவ மாதிரி. அன்னைக்கும் ஒன்பது தாளையும் எடுத்து வரிசையா வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன், மூணாவது தாளுக்கு மேல கண்ணு சொக்கிடுச்சு, முடியல. அப்படியே எழுந்து 21ஆம் தேதி தாளை மட்டும் வாசிச்சேன், "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே", அடுத்த வசனத்துல "அவைகள் காலைதோறும் புதியவைகள்". எத்தனை தடவை பாடமா சொல்லியிருக்கேன் இந்த வசனத்தை! அவரோட இரக்கம் எனக்காக அங்கேயே புதுசா தொங்கிக்கிட்டு இருந்துச்சு, ஒன்பது நாள் எங்க போனன்னு அது கேட்கவே இல்ல. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம், இது நம்மளால உண்டானதில்ல, தேவனோட ஈவுன்னு எபேசியர்ல வாசிச்சு வாசிச்சு வாய்க்குத் தெரியும், எனக்கு உறைச்சது அன்னைக்குத்தான்.

இப்போ குறை. வசனத்தை தெரிஞ்செடுத்திருக்கிறது எனக்கு முழு திருப்தி இல்ல. முக்கால்வாசி ஆசீர்வாத வசனமாவே இருக்கு, அதுவும் பாதி பாதியா. எரேமியா 29:11 ரெண்டு தடவை வருது, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு, அதுக்கு முந்தின வசனத்துலயே பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்சப்புறம்னு இருக்கே, அது ஒரு தடவை கூட வரல. சிறைபிடிச்சுட்டுப் போனவங்களுக்கு எழுதுன கடிதம் அது, அங்கேயே வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போடுங்கன்னு சொல்லுது. எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டுங்கற பிலிப்பியர் 4:13ம் அப்படித்தான், பவுல் கட்டுண்டு கிடந்த இடத்துல இருந்து எழுதுனது, முந்தின வசனத்துல தாழ்ந்திருக்கவும் தெரியும் வாழ்ந்திருக்கவும் தெரியும்னு சொல்றார். அதையும் சேர்த்துப் போட்டாத்தானே வேலை போன வீட்ல மாட்டி வெச்சு வாசிக்க முடியும்?

ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்னு ஒரு ஊர், அங்க மொரேவியர்னு சொல்ற சபையார் 1731ல இருந்து தினசரி வசனத்தை அச்சடிச்சுட்டு வர்றாங்க. பழைய ஏற்பாட்டு வசனத்தை சீட்டு குலுக்கித்தான் எடுப்பாங்க, அதுக்குப் பொருத்தமா புதிய ஏற்பாட்டுல இருந்து ஒண்ணு சேர்ப்பாங்க. அவங்க ஆளுங்க 1760ல நம்ம தரங்கம்பாடிக்கும் வந்து இருந்திருக்காங்க. சீட்டுல எடுக்கும்போது நமக்குப் பிடிச்சதுதான் வரும்னு இல்ல, கண்டிப்பும் வரும், புலம்பலும் வரும். இந்த காலண்டர் போடுறவங்களும் அப்படி ஏதாவது செஞ்சா நல்லா இருக்கும்னு எனக்கு ஆசை.

வாங்கலாமான்னு கேட்டா, வாங்குங்க, நானே அடுத்த வருஷத்துக்கு ரெண்டு வாங்கப் போறேன், ஒண்ணு அம்மாவுக்கு. வசனத்தை வாசிச்சதும் பைபிளைத் திறந்து அந்த அதிகாரத்தை முழுசா பாருங்க. பின்பக்க எழுத்து ரொம்பப் பொடிசு, வயசானவங்களுக்கு யாராவது வாசிச்சுக் காட்டணும். டிசம்பர் 31 ராத்திரி வாட்ச்நைட் ஆராதனை வரைக்கும் தள்ளிப்போடாம டிசம்பர் முதல் வாரத்துலயே போயிடுங்க, அப்புறம் கடையில நாலு ஓரம் மடங்குனதுதான் கிடைக்கும். ஆணியை மட்டும் கொஞ்சம் தாழ்வா அடிங்க, எங்க வீட்ல அத்தை இப்பவும் ஸ்டூல் போட்டு ஏறித்தான் கிழிக்கிறாங்க.