பிபிடி வழியா எஸ்கேஎம் எடுத்தேன், ரெண்டு வருஷம் கழிச்சு என் அனுபவம்

பவர்பாயிண்ட் இல்லைங்க, இது வேற பிபிடி. கிளாஸுக்கே போகாம, இத்தன வருஷம் செஞ்ச வேலைய ஆதாரத்தோட காட்டி எஸ்கேஎம், அதாவது மலேசியத் திறன் சான்றிதழ் (சிஜில்) வாங்கற வழி. மனிதவள அமைச்சுக்குக் கீழ உள்ள திறன் மேம்பாட்டுத் துறை, ஜேபிகே தான் குடுக்குது.

நான் பெஸ்தாரி ஜெயா பக்கம், நம்மாளுங்களுக்கு இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தை தான். செம்பனை மில்லுல வெல்டர், 16 வருஷம். படிப்பு பாரம் த்ரீயோட சரி. ஊர்லயே யுனிசெல் பல்கலைக்கழகம் இருக்கு, தினம் மோட்டர்ல அதத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன், ஆனா ஷிப்டும் ஓவர்டைமும் பாக்கறவன் பகல்ல கிளாஸுக்கு எப்படி போறது, ஒரு நாள் போகலன்னா ஒரு நாள் சம்பளம் போச்சு.

வேல தெரிஞ்சா போதும்னு நெனச்சு எறங்குனேன். அங்கதான் தப்பு. அவங்க கேக்கறது ஃபைல். நோஸ்னு ஒரு தரப் பட்டியல், அதுல உள்ள ஒவ்வொரு வேலைக்கும் படம், வேலை சீட்டு, கம்பெனி லெட்டர்னு ஏதாவது காட்டணும். என் போன்ல இருந்ததெல்லாம் தைப்பூசம், கல்யாணம், மக பொறந்தநாள். கன்வேயர் சங்கிலிய எவன் படம் எடுப்பான்? அதுலயும் மொத 7 வருஷம் காண்ட்ரெக்டர்கிட்ட, கையில காசு, சம்பளச் சீட்டே கெடையாது. லெட்டர் கேட்டதுக்கு "நீ சிஜில் வாங்கி என்னடா பண்ணப் போற"ன்னாரு. பட்டணத்துல ஒரு சென்டர்ல 3,500 வெள்ளி குடுத்தா படம்கூட அவங்களே போட்டுத் தராங்களாம்! வேற எவனோ வச்ச வெல்டிங் ஒட்டு என் பேர்லயா, வேணாம்னு வந்துட்டேன்.

அப்புறம் எட்டு மாசம் ராத்திரி ராத்திரி சாப்பாட்டு மேசையில. நான் சொல்லச் சொல்ல மக மலாய்ல டைப் பண்ணுவா, நடுவுல "அப்பா, இத ஏன் செய்றீங்க, காரணம் எழுதணும்"னு நிறுத்துவா. 7018 வெல்டிங் ராடை ஏன் அடுப்புல காய வைக்கணும்? மண்டோர் (மேஸ்திரி) சொன்னாரு, செஞ்சேன், அவ்ளோதான். தேடிப் பாத்தா, ஈரம் ஏறுன ராடுலேர்ந்து ஹைட்ரஜன் ஒட்டுக்குள்ள போயி, ஆறுனப்புறம் வெடிப்பு விடுமாம். நல்லா இருந்த ஒட்டு மறுநாள் காலையில ஏன் பொளந்து கெடந்துச்சுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. 16 வருஷம் கழிச்சு!

இன்னொன்னு. 10 மலேசியத் தொழிலாளியும் அதுக்கு மேலயும் உள்ள கம்பெனி, சம்பளத்துல 1 விழுக்காடு எச்ஆர்டி கார்ப்புங்கற அரசாங்கப் பயிற்சி நிறுவனத்துக்கு லெவி கட்டணும், நம்ம சம்பளத்துல பிடிக்கக் கூடாது, அந்தக் காசு நம்ம பயிற்சிக்குத்தான். ஆபீஸ்ல கேட்டா கிராணி (கிளார்க்) "அதெல்லாம் ஆபீஸ் ஸ்டாஃபுக்கு"ங்கறாரு. அப்ப நாங்க யாரு?

லெவல் 2 கெடைச்சுது. சம்பளம் உடனே ஏறல, வேற மில்லுக்கு மாறுனப்புறம்தான் 200 வெள்ளி கூடுச்சு. அடுத்து லெவல் 3 எடுக்கணும், அது இருந்தாத்தான் டிப்ளோமாவுக்குப் போக முடியும். இப்ப எந்த ஒட்டு வச்சாலும் கசடு தட்டுனதும் மொதல்ல ஒரு படம்.

நேத்து பழைய மில்லுல கூட இருந்த பையன் போன் பண்ணான், அவனும் பிபிடி போடணுமாம், சம்பளச் சீட்டெல்லாம் தூக்கிப் போட்டுட்டானாம். இபிஎப் ஸ்டேட்மெண்ட் எடுறா, யார்கிட்ட வேலை செஞ்சன்னு காட்டவாவது ஆகும்னேன்.

"கட்டவே இல்லண்ணே"ன்னான்.