பின் எண்களை எங்கே எழுதி வைப்பது? மூன்று வழிகள்

தண்டையார்பேட்டை வீடுகளின் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மோட்டாருக்கு இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் வைத்துச் சொந்தமாக போர்டு செய்கிறோம். மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே சிப்பின் எந்தப் பின்னில் (இணைப்புக் காலில்), தண்ணீர் மட்டம் பார்க்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் எந்தப் பின்னில் என்ற விவரம் எங்கே இருக்க வேண்டும்?

புரோகிராமோடு சேரும் ஹெடர் ஃபைலில் நேராக எழுதிவிடலாம். ஒரே டிசைன் என்றால் இது போதும், படிப்பவருக்கும் உடனே புரியும். போர்டின் மூன்றாம் பதிப்பு வரும்போதுதான் ‘பழசு என்றால் 26, புதுசு என்றால் 27’ என்று நிபந்தனைகள் குவியும்.

இந்த மாதிரி சிப்புகளுக்கென்றே தயாராகக் கிடைக்கும் டாஸ்மோட்டா மென்பொருளில், பின் பட்டியலை டெம்ப்ளேட்டாகப் போடுவது இன்னொரு வழி. இதற்கு கம்பைலர் (கோடை சிப்புக்கான வடிவமாக மாற்றும் மென்பொருள்) வேண்டாம். காசிமேட்டில் ஒரு வீட்டில் ரிலே கருகினால், ஒயரை மாற்றிவிட்டு, போனிலேயே பக்கத்து ரிலேயின் பின்னைக் கொடுத்துவிடலாம். சர்வீஸ் செய்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் கரண்ட் சில நொடிகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்துப் பலமுறை போய் வந்தால், யாரோ ரீசெட் கேட்பதாக நினைத்து அது செட்டிங்கை அழித்துவிடும். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் அப்படித்தான் ஆடும். செட்ஆப்ஷன்65 என்ற செட்டிங்கை 1 என்று வைத்து, இப்படி அழிக்கும் வசதியை அணைக்காமல் போர்டை வெளியே அனுப்பவே கூடாது.

மூன்றாவது, ஸெஃபிர் என்ற சிறு சாதனங்களுக்கான இயங்குதளத்தின் டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் எது எங்கே என்று சொல்லும் தனி விவரக் கோப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும், மாறுவதை மட்டும் சொல்லும் தனி ஓவர்லே ஃபைல். புரோகிராமைத் தொட வேண்டாம். ரிலே ஆக்டிவ் லோ (பின்னில் மின்னழுத்தம் இறங்கும்போது ஆன் ஆவது) என்பதையும் பின் எண்ணோடு அதே வரியில் சொல்லிவிடலாம். ஆஃப் என்று சொன்னால் மோட்டார் ஆன் ஆகும் தவறு இதில்தான் குறைகிறது. கற்க நாளாகும், கம்பைல் பிழைகள் தலைசுற்ற வைக்கும். அப்படியும், பல வீடுகளுக்குப் போகும் போர்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒன்றிரண்டு போர்டுக்கு ஹெடரே போதும்.

எதை எடுத்தாலும் சிப்பின் விதி மாறாது. 6 முதல் 11 வரையிலான பின்கள் பெரும்பாலான மாட்யூல்களில் ஃப்ளாஷ் மெமரிக்குப் போய்விடும். 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான், பின்னை மேல் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டரும் உள்ளே கிடையாது. ஃப்ளோட்டை அங்கே கொடுத்தால் போர்டிலேயே 10 கிலோஓம் ரெசிஸ்டர் வேண்டும். 12-ஆம் பின்னில் ஆக்டிவ் லோ ரிலேயை மாட்டினால், பவர் வரும்போதே ரிலேயிலிருந்து வரும் மின்னழுத்தம் அந்தப் பின்னை மேலே இழுக்கும். ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் வேண்டும் என்று சிப் எடுத்துக்கொள்ளும். வழக்கமான மாட்யூலில் இருப்பதோ 3.3 வோல்ட் ஃப்ளாஷ், அதனால் போர்டு பூட்டே ஆகாது, அதாவது இயங்கவே தொடங்காது. இதை ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் வரைபடம்) போடும்போதே பார்த்துவிட வேண்டும்.